ஆங்கிலத்துக்குப் போன பெயர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் நடந்த கோச்சிங் சென்டரில் கலைப்பிரியா இங்கிலீஷ் எடுத்தாள். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கடினமான சொற்களைச் சொல்லித்தருவது அவள் வேலை. பொருளோடு நிறுத்தமாட்டாள், சொல் பிறந்த கதையையும் சொல்வாள். கதை தெரிந்தால் சொல் மறக்காது என்பது அவள் நம்பிக்கை.

அன்று 'பரையா' (pariah) என்ற ஆங்கிலச் சொல் வந்தது.

"எல்லாரும் ஒதுக்கி வெச்ச ஆளு. ஒரு நாட்ட உலகமே ஒதுக்கினாலும் பேப்பர்ல இப்படித்தான் எழுதுவாங்க" என்றாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு மிஸ்?" என்று கேட்டாள் அஸ்வினி.

லத்தீன் என்று சொல்லித் தாண்டியிருக்கலாம். கலைப்பிரியாவுக்கு மனசு வரவில்லை.

"தமிழ்லேருந்துதான். பறையர்ன்ற பேரு. வெள்ளக்காரன் வந்தப்போ ஊரு அவங்கள ஒதுக்கி வெச்சிருந்துச்சு. அவன் அந்தப் பேர எடுத்துக்கினு போயி, ஊரு பண்ணத அதுக்கு அர்த்தமாக்கிட்டான்."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

"எதுக்கு சிரிக்கிற? எங்க ஆளுங்க பேருதான் அது."

சாயங்காலத்துக்குள் அது சென்டர் முழுக்கப் பரவிவிட்டது.

கணக்கு எடுக்கும் மலர்விழி மத்தியானத்தில் இவளுடன்தான் சாப்பிடுவாள். இவள் டப்பாவைத் திறப்பதற்குள் மல்லாட்டைச் சட்னிக்குக் கை நீட்டுவாள்; வேர்க்கடலை என்றால் அவளுக்கு உயிர். மறுநாள் விரதம் என்றாள். அதற்கடுத்த நாள் ஆபீஸ் அறையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டே வெளியே வந்தாள். கலைப்பிரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை, சென்டர் நடத்தும் கோதண்டபாணி கூப்பிட்டார்.

"கிளாஸ்ல ஜாதி பேசறீங்கன்னு போன் மேல போனு வருதும்மா."

"அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னுதான் சார் சொன்னேன். டிக்‌ஷனரிலயே இருக்கு."

"அர்த்தம் மட்டும் போதும்மா. திங்கக்கெழமையிலேருந்து வீட்லேருந்தே ஆன்லைன்ல எடுங்க. பஸ்ஸு பேஜாரும் கெடையாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மத்தவங்களும் ஆன்லைனா சார்?"

அவர் போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"அப்போ நான் வரலீங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். படியில் எதிரே வந்த மலர்விழி சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

அடுத்த மாதம் விழுப்புரத்திலேயே ஒரு சென்டரில் வேலை கேட்டுப் போய், வகுப்பு எடுத்துக் காட்டினாள். மாணவர்கள் கைதட்டினார்கள். நடத்துகிறவரும் வாசல்வரை வந்தார்.

"பிரமாதமா எடுக்கிறீங்க மேடம். திண்டிவனத்துலயும் விசாரிச்சோம். சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பவே இல்லை.