அலமாரி தரப்பு

நுகர்வோர் சங்கத்தின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அங்கேதான் அவளுக்கு அழுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அழக்கூடவா கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். அரசாங்கக் குழுவின் முன்னால் பேச அவளுக்கு ஒதுக்கியிருந்தது ஐந்தே நிமிடம். ஆரம்பத்திலேயே உடைந்துபோனால் அலமாரியைப் பற்றி யார் சொல்வது?

"முதல்ல குழந்தை பேரு, வயசு. அப்புறம் அலமாரி எப்படி சாஞ்சுதுன்னு நிதானமா சொல்லுங்க. கடைசியில அழுகை வந்தா வரட்டும், அடக்காதீங்க" என்றார் சங்கத்தின் செயலாளர். தொழிலில் வக்கீல் என்பதால் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் வக்கீலம்மா.

அவளுக்குப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. எப்பேர்ப்பட்ட மெல்லிய நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று வயது மகள் தன் மஞ்சள் கவுனை எடுக்கப் போனவள், புது அலமாரியின் கீழ் இழுப்பறைகளை வெளியே இழுத்து, அதையே படியாக்கி ஏறியிருக்கிறாள். அலமாரி அப்படியே அவள்மேல் சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவர் போனவர் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். போலீஸ்காரர் கேட்டார், ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள், எதிர்வீட்டுக்காரி கேட்டாள். மாமியார் பிள்ளையைக் கிடத்தியிருந்த இடத்திலேயே கேட்டார். "நீ எங்க இருந்த?" கேட்டுவிட்டு அன்றோடு அவளிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்டார். நீ ஏன் தூங்கினாய் என்று அவர் பெற்ற மகனை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களா என்ன! அவன் பாவம், பிள்ளையை இழந்த தகப்பன். இவள் பிள்ளையைத் தொலைத்தவள்.

பத்திரிகையில் செய்தி பார்த்துவிட்டுத்தான் வக்கீலம்மா வீடு தேடி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "உங்க மேல தப்பில்லம்மா. தப்பு அலமாரி மேல. குழந்தைன்னா ஏறத்தான் செய்யும். ஏறினாலும் சாயாத மாதிரி செய்ய அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்யாம வித்திருக்காங்க."

அவளுக்கு அன்றைக்குத்தான் மூச்சே வந்தது. வக்கீலம்மா போன பிறகும் அந்த வார்த்தையைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

சங்கம் கேட்டது ஒரு சின்ன விதி. எல்லா இழுப்பறைகளையும் வெளியே இழுத்துவிட்டு, ஒரு குழந்தையின் எடைக்கு மூட்டை தொங்கவிட்டாலும் சாயாத அலமாரியைத்தான் கடையில் வைத்து விற்கலாம். அப்படி ஒரு விதி வந்துவிட்டால் தப்பு யார்மேல் என்று அரசாங்கமே சொன்ன மாதிரி ஆகும். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளையும் போகாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் அந்த மத்தியானத்தைச் சொல்லிக்காட்டத் தயாராக இருந்தாள்.

குழு கூடிய அறையில் குளிர் எலும்பைத் துளைத்தது. தலைமையில் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் தயாரிப்பாளர்கள், அந்தப் பக்கம் நுகர்வோர் சங்கம். மூன்று தரப்பும் தலையாட்டினால்தான் எதுவும் விதியாகும். ஒரு தரப்பு முரண்டு பிடித்தாலும் எல்லாம் கிடப்பில் போய்விடும். இதற்குப் பெயர் ஒருமித்த கருத்து. நல்ல பெயர்தான்.

சங்கத்தோடு வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், அதே மாதிரி அலமாரியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். அது தடாலென்று குப்புற விழுந்தது. அதிகாரியின் தண்ணீர் டம்ளர்கூடக் குலுங்கியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னாள். ஆனால் அழுகை மட்டும் வரவில்லை. அந்தச் சத்தத்தோடு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வக்கீலம்மாவின் முகம் லேசாகச் சுருங்கியதை அவள் பார்த்தாள்.

தயாரிப்பாளர்கள் தரப்பில் ஒரு பெரியவர், நரைத்த தலை, பவ்யமான பேச்சு. "அம்மா, உங்க துக்கத்துல எங்களுக்கும் பங்கு உண்டு. எனக்கும் அந்த வயசுல பேத்தி இருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அலமாரியைச் சுவரோட சேத்து ஸ்க்ரூ போட்டிருந்தீங்களா?"

"வாடகை வீடு சார். சுவத்துல ஒரு ஓட்டை போட்டாலும் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

"வாஸ்தவம். அந்த நேரத்துல குழந்தை தனியா இருந்துச்சோ?"

அவள் வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வக்கீலம்மா குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். "துணி காயப்போட்டுட்டு இருந்தேன் சார்."

"ரொம்ப நன்றிம்மா. உக்காருங்க."

டீ குடித்துவிட்டு வரலாம் என்றார் அதிகாரி. சட்டம் எல்லாம் கூட்டத்தில் உருவாகிறது என்று நினைக்கிறவர்கள் அப்பாவிகள். அது டீ நேரத்தில் உருவாகிறது. வராந்தாவின் கோடியில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி, நரைத்த தலைக்காரர், வக்கீலம்மா மூவரும் ஒரு பிஸ்கட் தட்டைச் சுற்றி நின்று தணிந்த குரலில் பேசினார்கள். நடுவில் ஒரு தடவை சிரிப்பும் எழுந்தது. வக்கீலம்மாவும்தான் சிரித்தார்.

அவரையும் சும்மா சொல்லக் கூடாது. எத்தனையோ வருடம் இதே கட்டடத்தின் கேட்டுக்கு வெளியே வெயிலில் பதாகை பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினவர். இப்போதுதான் உள்ளே ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது, முன்னால் பெயர்ப் பலகையோடு. "கோவிச்சுக்கிட்டு எழுந்து போறது சுலபம். திரும்பி வந்தா நாற்காலி இருக்காது" என்று சங்கத்தில் அடிக்கடி சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு அதைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிட்டது.

டீ முடிந்ததும் எல்லாம் மளமளவென்று முடிந்தது. அலமாரி செய்யும் விதத்தை மாற்றுவது பிற்பாடு பரிசீலிக்கப்படும். இப்போதைக்கு அலமாரியில் ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டப்படும், பெட்டிக்குள் ஸ்க்ரூ பொட்டலம் ஒன்று போடப்படும். பெற்றோருக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுக்கப்படும். செலவு தயாரிப்பாளர்களுடையது, எடுக்கும் பொறுப்பு சங்கத்துடையது. குழுவில் நுகர்வோர் தரப்புக்கு இனி நிரந்தர இடம். மூன்று தரப்பும் தலையாட்டின. எல்லோரும் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமலே அவளும் தட்டினாள்.

படியிறங்கும்போது வக்கீலம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டோம்மா."

"அப்ப அந்த அலமாரியை இனிமே விக்க மாட்டாங்களா மேடம்?"

"விப்பாங்க. ஆனா ஸ்டிக்கரோட."

படம் எடுக்க வரச் சொன்னபோது கணவனையும் கூட்டிக்கொண்டு போனாள். பெரிய கூடத்தின் மூலையில் குழந்தை அறை மாதிரி ஜோடித்திருந்தார்கள். சுவரில் பட்டாம்பூச்சி, தரையில் பொம்மை, நடுவில் அலமாரி. இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள்.

அன்னிக்கு நான் கவனிக்கல. என் பொண்ணு போயிட்டா. நீங்களாவது கவனிங்க.

மறுபடியும் படித்தாள். "மேடம், இது என்ன? தப்பு அலமாரி மேலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்மா. அது கூட்டத்துக்கு. இது விழிப்புணர்வுக்கு."

"நடந்தது ஒண்ணுதானே மேடம்?"

வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் தேன் ஒழுகியது. "இதைப் பாத்துட்டு எங்கயோ ஒரு அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினா, அதைக் காப்பாத்தினது நீங்கதானே? நடிகையை வச்சு எடுத்தா ஜனங்க நம்ப மாட்டாங்க. அடுத்த வருஷம் அந்த விதியையும் மறுபடி கேப்போம். இப்ப நாம ஒத்துப்போனாத்தான் அப்ப கேக்க முடியும்."

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லிட்டு வாயேன். எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க. பொய் ஒண்ணும் எழுதலையே."

அந்த மத்தியானம் குறட்டை விட்ட மனிதன், பொய் எது மெய் எது என்று தீர்ப்புச் சொல்கிறான். அந்தத் தாளைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. எங்கோ ஓர் இழுப்பறையில் கால் வைக்கும் ஒரு பிள்ளை அவள் கண்முன் வந்து நின்றுகொண்டது. வக்கீலம்மா அதைக் கணக்காக அவள்முன் நிறுத்தியிருந்தார். அவள் விளக்கு வெளிச்சத்தில் போய் நின்றாள்.

"அன்னிக்கு நான் கவனிக்கல."

"நல்லாருக்கும்மா. இன்னும் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வேணும்" என்றார் இயக்குநர்.

திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல, யாரோ எழுதிக்கொடுத்த வரி அவள் குரலில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் அழுகை உடைந்து வந்தது. இயக்குநர் போதும் என்று கட்டை விரலை உயர்த்தினார். வக்கீலம்மா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதைத்தான்மா அன்னிக்குக் கூட்டத்துல எதிர்பார்த்தேன்" என்றார்.

படம் டிவியில் வர ஆரம்பித்தது. செய்திக்கு முன்னால், சீரியலுக்கு நடுவில், பரிசோதனைக்கூடத்தில் ஆட்கள் காத்திருக்கும் இடத்தில்கூட ஓடியது. அங்கே ரத்தம் எடுக்கக் கையை நீட்டியவர்கள் அவள் முகத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அலமாரி நன்றாக விற்றது. பாதுகாப்பில் அக்கறை உள்ள கம்பெனி என்று நல்ல பெயர் வேறு.

ஒரு நாள் சாயங்காலம் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"பாத்தேன்மா" என்றார். குரல் கரகரத்தது. "ஊரறிய ஒத்துக்கிட்ட பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும். என் மனசு ஆறிடுச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன். இனிமே யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் இங்க வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க."

"சரிங்க அத்தை" என்று அவள் போனை வைத்தாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னை மன்னிச்சுட்டாங்களாம்."

"அப்பாடா. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

தப்பு தன்மேல் இல்லை என்று இனி அவள் எப்படிச் சொல்வாள்? ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை, டிவியில் வீடு வீடாக, அவளே தன் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறாளே.