பல் டாக்டர் வண்டியின் இரண்டு ஓட்டைகள்

பல் டாக்டருடைய பெரிய வண்டியின் பின்பம்பர் முதன்முதலாகப் பேசியது ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து சிக்னலில். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டது. பின்னால் ஸ்கூட்டரில் நின்றவர் "ஆச்சு" என்று சொல்லிவிட்டு, யாருக்குப் பதில் சொன்னோம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கேள்வி வந்தது இடது மூலையில் இருந்த ஓட்டையிலிருந்து, பெண் குரலில். வலது மூலை ஓட்டை ஆண் குரலில், "இதைக் கேக்க இத்தனை வருஷம் ஆச்சா உனக்கு?" என்றது. விளக்கு பச்சைக்கு மாறியது, வண்டி கிளம்பியது. மற்றபடி அன்று ஊரில் வெயில் கொஞ்சம் அதிகம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அந்த ஓட்டைகளை வெட்டியவள் அக்கா. ஊருக்கு மேற்கே, தகரக்கூரை போட்ட பட்டறையை அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தினார்கள். பம்பரும் பாடி வேலையும் அவளுடையது, சைலன்சரும் புகைக்குழாயும் அவனுடையது. தம்பியின் கல்யாண நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அன்று மாப்பிள்ளையாக அவன் வந்த காரின் சைலன்சர் கழன்று ரோட்டில் இழுபட்டது. நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்த அத்தனை பேரில் ஒருவரும் குனியவில்லை. அக்காதான் கட்டியிருந்த புதுத் துணியோடு அடியில் படுத்து, கம்பி சுற்றி, முடுக்கிவிட்டு எழுந்தாள். கிரீஸ் கையோடு அவள் உள்ளே நுழைந்தபோது குடும்பப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவளாவது கேட்டிருக்கலாம், அவளுக்கு மூக்கின் மேல் கோபம். அந்தப் படத்தை அவள் இன்றுவரை கண்ணெடுத்துப் பார்க்கவில்லை.

பேசாமலே பட்டறை நடந்தது, நன்றாகவே நடந்தது. சொல்ல வேண்டியதை சாக்பீஸால் இரும்பின் மேலேயே எழுதிக்கொண்டார்கள். குழாய் வெளியே வர வேண்டிய இடத்தில் தம்பி வட்டம் போடுவான், அக்கா அங்கே வெட்டுவாள். இப்படியே எத்தனையோ வண்டிகள் போயின. பிறகு பல் டாக்டர் வந்தார். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனிதர். நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே அலுத்துப் போனவர். தன் வண்டியாவது ஒரு முறை வாய்விட்டுக் கத்தட்டும், பின்னால் வருகிறவன் மிரள வேண்டும் என்பது அவர் ஆசை; அதற்காகப் பெரிய புகைக்குழாய் கேட்டார். தம்பி பம்பரின் நட்டநடுவில் வட்டம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். டாக்டர் அதைப் பார்த்தார். வெள்ளையாக எது படிந்திருந்தாலும் சுரண்டாமல் விட அவர் கைக்குத் தெரியாது. கைக்குட்டையை எடுத்துப் பளிச்சென்று துடைத்துவிட்டார்.

அக்கா வந்து பார்த்தாள், வட்டம் இல்லை. "எங்கே வெட்டட்டும்?" என்று கேட்டால் முடிந்தது. கேட்பாளா? குழாய் எந்தப் பக்கம் வந்தாலும் வரட்டும் என்று மூலைக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை வெட்டினாள். மாட்டிப் பார்த்தால் குழாய் நடுவில் தொங்குகிறது, ஓட்டைகள் இரண்டும் ஓரத்தில் சும்மா நிற்கின்றன. தப்பு அவளுடையது என்று அவனும், அவனுடையது என்று அவளும் நினைத்தார்கள். முதலில் வாய் திறப்பவர் தோற்றவர் என்பதால் இருவரும் திறக்கவில்லை. டாக்டர் இதுதான் இப்போதைய பேஷன் போலிருக்கிறது என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில், தூரத்து ஊரில் பஸ் பாடி கட்டும் கம்பெனி ஒன்றில் அக்காவுக்கு வேலை கிடைத்திருந்தது. மாதம் பிறந்ததும் போவதாக இருந்தாள். போகாதே என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் இருந்துவிடுவாள். அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேண்டியவன் சைலன்சருக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான்.

ஓட்டைகள் தினமும் பேசின. நடுக்குழாய் எல்லா வண்டிகளையும் போலப் புகை மட்டும் விட்டது. ஊர் சீக்கிரமே இடது கட்சி, வலது கட்சி என்று பிரிந்தது. விட்ட இடத்திலிருந்து கேட்பதற்காகச் சிலர் வேலைக்குச் சுற்று வழியில் போனார்கள். உன் குரல்தான் என்று பலர் வந்து சொல்லியும், "எனக்கென்ன வந்தது?" என்று அக்கா வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டாள். டாக்டர் இரண்டிலும் பஞ்சை வைத்து அடைத்துப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை, அவரிடம் வருகிற நோயாளிகளைப் போலக் கொழகொழவென்று பேசின, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் இரண்டு ஓட்டையும் அழ ஆரம்பித்தன. கூடவே டாக்டருக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினால் எங்காவது மோதிவிடுவோம் என்று பயந்து, வண்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்து, "அடைச்சுக் கொடுத்துடுங்கம்மா" என்றார்.

அக்கா இரண்டு தகடு வெட்டி எடுத்து வந்தாள். தம்பி ஜாக்கி வைத்து வண்டிக்கு அடியில் போயிருந்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்ததும் இடது ஓட்டை அவள் குரலிலேயே, "கிரீஸ் கையோட நான் பக்கத்துல நின்னா உனக்கு அசிங்கமாடா?" என்றது. வலது ஓட்டை சொன்னது: "போட்டோக்காரனை நிறுத்தச் சொன்னேன், யாரும் கேக்கல. அந்தப் படத்துல எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க. நான் மட்டும் வாசலைப் பாக்கறேன். ஒரு தடவையாவது எடுத்துப் பாத்தியா நீ?" கடைசியில், "போகாதக்கா" என்றது.

"நான் அப்படிச் சொல்லல" என்றான் தம்பி, வண்டிக்கு அடியிலிருந்து. வருஷக்கணக்கில் அவளிடம் அவன் வாயால் பேசிய முதல் வார்த்தை அது.

"குரல் உன்னுதுதானே?"

"குரல் என்னுதுதான். சொன்னது பம்பர்."

"அப்ப நான் போகட்டுமா?"

வலது ஓட்டை அவனுக்காகப் பதில் சொல்லியிருக்கலாம். அதுவும் வாயை மூடிக்கொண்டது. வண்டிக்கு அடியில் தெரிந்த இரண்டு செருப்புக் கால்களும் அசையாமல் கிடந்தன. பிறகு, தன் வாயாலேயே, "போகாதக்கா" என்றான் அவன்.

அக்கா தகடுகளைக் கீழே போட்டாள். "வெளிய வாடா, புகை ஏறப் போகுது" என்றாள். அவன் வந்தான். முகமெல்லாம் கரி, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு சுத்தமான கோடுகள். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகினாள், பிறகு விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அக்கா எங்கும் போகவில்லை. ஓட்டைகளையும் அடைக்கவில்லை, டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார். அதன்பின் அண்ணன் தம்பிகளும், புருஷன் பெண்டாட்டிகளும், சம்பந்திகளும் வண்டியோடு வந்து, மூலைக்கு ஒன்றாக ஓட்டை வேண்டும் என்று நின்றார்கள். எங்கே வெட்டுவது என்று அக்காவும் தம்பியும் ஒவ்வொரு வண்டிக்கும் உரக்கச் சண்டை போட்டுத்தான் முடிவு செய்தார்கள். டாக்டர் வண்டியில் பழைய மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்து, இப்போது பெரும்பாலும் முட்டிவலி, பிள்ளைகளின் பரீட்சை, நாளைக்கு என்ன சமைப்பது என்பது போன்ற விஷயங்கள்தான். சிக்னலில் பச்சை விழுந்தாலும், பேச்சு பாதியில் இருந்தால் பின்னால் நிற்பவர்கள் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.