துரை சார் தேடிய பெயர்

பள்ளி வேன் எந்த வாசலில் நின்றாலும் முதலில் இறங்குகிறவள் இசக்கிசெல்விதான். பிள்ளையைத் தூக்கி இறக்குவாள். புத்தகப் பையை மாட்டிவிடுவாள். வீட்டார் ஒருவர் வந்து கையைப் பற்றிக்கொள்ளும்வரை தன் பிடியை விடமாட்டாள். மாலையில் கடைசிப் பிள்ளையும் இறங்கிய பின், முன் இருக்கை தொடங்கிப் பின் இருக்கை வரை குனிந்து குனிந்து பார்ப்பாள். எங்கோ ஓர் ஊரில் தூங்கிப்போன குழந்தையை வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று என்றோ கேட்ட செய்தி அவள் நெஞ்சில் முள்ளாகத் தங்கியிருந்தது. “நாந்தான் எண்ணிட்டேனேட்டீ” என்பான் வண்டியோட்டும் கணவன் ராசையா. “நீங்க எண்ணுங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்பாள் அவள். மலையாளத்துக் கரமனைத் தெருக்களில் இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலையில் முதல் வாசலே திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அஸ்வதி நின்றாள். அவளுடைய மகள் யு.கே.ஜி. படிக்கிறாள், வேனில் ஏறியதும் இசக்கிசெல்வியின் மடியைத் தேடுகிற பிள்ளை.

“மோளுக்குச் சுகமில்லையா?”

“அதில்ல சேச்சி. இனி நாங்களே கொண்டு விட்டுக்கறோம். நீங்க போங்க, பொய்க்கோளூ.”

“என்னம்மா, என்ன ஆச்சு?”

“ராசையான்னு சொல்லி இத்தனை நாளும் ஏமாத்திட்டீங்க அல்லே? அவரோட சரியான பேரு வேறயாக்கும்.” கம்பி வழியே அஸ்வதி செல்பேசியைத் திருப்பிக் காட்டினாள்.

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வந்த செய்தி அது. ‘எச்சரிக்கை. நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் டிரைவர் ராசையாவின் உண்மைப் பெயர் கோமதிநாயகம். சிறுமியிடம் தகாத செயல் புரிந்து தண்டிக்கப்பட்டவர். சொந்த ஊர் சங்கரன்கோவில். பெயரை மறைத்து நம்மிடையே வாழ்கிறார்.’ கீழே ஏதோ ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் முதல் பக்கம். அனுப்பியவர் சங்கத்தின் செயலாளர் துரை சார்.

அடுத்த வாசலும் திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் ஒருவர் கதவைத் திறந்தார். வேனையும் ராசையாவின் முகத்தையும் படம் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். தெரு முனையில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இந்தப் பேச்சு தீரும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்றார்கள். ராசையா ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, “நான் ஒண்ணும் செய்யலட்டீ” என்றான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் இசக்கிசெல்விக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று தன் மனைவியிடமே சொல்லவேண்டிய நிலைக்கு அவனைக் கொண்டுவந்துவிட்டார்களே என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

துரை சார் பொல்லாதவர் அல்லர். அரசுக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தெருவிளக்கு எரியாவிட்டால் தானே ஏணியைத் தேடுகிறவர். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வீடு வாங்கப்போகும் செய்தியைச் சொல்ல அழைத்தவன், திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். இப்படிப்பட்ட குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் குடியிருக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளிகள். தொட்டால் முகமும் முகவரியும் வரும். அங்கே யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். “உங்க ஊர்ல இதெல்லாம் உண்டாப்பா?” என்று கேட்டுவிட்டான். துரை சாருக்குத் தன்மானம் சுருக்கென்றது. நம் நாட்டில் அப்படியொரு தளத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் என்ன, நாமே செய்வோம் என்று, தெருவுக்குள் வந்துபோகும் வண்டிக்காரர்களின் ஓட்டுநர் உரிம நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு, தீர்ப்புகள் வெளியாகும் தளத்தில் ஒவ்வொரு பெயராகத் தட்டினார். ஒரு பெயர் அகப்பட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் முன்னோர் சொன்னது இப்படிப்பட்ட நல்லெண்ணக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் போலும்.

ஆட்டுக்கிடையில் ஓநாய் புகுந்த கதை ஒன்று உண்டு. விடிந்ததும் இடையர்கள் கூடி, ‘ஓநாயின் மயிர் சாம்பல் நிறம், கிடையில் சாம்பல் நிறத்தில் எது இருந்தாலும் கட்டிப்போடு’ என்று முடிவு செய்தார்கள். அகப்பட்டது காவல் நாய். அதைக் கட்டிப்போட்ட நிம்மதியில் எல்லோரும் கண்ணயர்ந்தார்கள். ஓநாய் அதுவரை வேலியோரம் பொறுமையாகக் காத்திருந்தது.

கணவனை இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டு இசக்கிசெல்வி காவல் நிலையத்துக்குப் போனாள். ராகேஷ் என்ற இளம் எஸ்.ஐ. அவள் நீட்டிய செல்பேசியை வாங்கிப் பார்த்தார்.

“சேச்சி, தண்டனை ஆனவங்களோட ரெஜிஸ்டர் நம்ம நாட்டிலும் உண்டு. பேரு மட்டுமில்ல, ஃபோட்டோ, விரல்ரேகை, அட்ரஸ் எல்லாம் சேர்த்துத்தான் அதில் வரும். பக்ஷே அது போலீஸ் பார்க்கிறதுக்கு. நாட்டுக்காரங்க வீட்டில் இருந்து பேரு தட்டிப் பார்க்கிற ஏர்ப்பாடு இல்லை.”

“அப்போ பிள்ளையளைப் பெத்தவங்க எப்படித்தான் தெரிஞ்சுக்கிடுறது?”

“சந்தேகம் இருந்தா இங்க வந்து சொல்லணும். வேலைக்கு எடுக்கிறவங்க நம்ம கிட்ட வெரிஃபிகேஷன் கேட்கணும். உங்க ஸ்கூல் கேட்டு, நாங்க பார்த்து, ஒண்ணுமில்லைன்னு கொடுத்த பிறகுதான் இவர் வண்டியில் ஏறினது. ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டிருந்தா தீர்ந்தது.” ராகேஷ் தீர்ப்பின் முழுப் பிரதியைத் தேடியெடுத்து, இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். “இது வேற ஆளு. ஸ்கூலுக்கு நானே விளிச்சுச் சொல்றேன். இப்படிப் போட்டதுக்குப் புகார்னு ஒரு பராதி எழுதித் தந்தா கேஸும் எடுக்கலாம், கேட்டோ.”

“எழுதுதேன், சார். அதுக்கு முன்னே ஒரு எடத்துக்குப் போகணும்.”

துரை சாரின் வீட்டு முன்னறையில் அவள் உட்கார மறுத்தாள். ராசையா வாசலுக்கு வெளியே வேனிலேயே இருந்துகொண்டான். துரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ளைங்க விஷயம்மா. ஒரு ஜாக்கிரதைக்குப் போட்டேன். தப்புன்னா இப்பவே அழிச்சுடறேன். வருந்துகிறேன்னு ரெண்டு வரியும் போட்டுடறேன்.”

“செல்லை எடுங்க, சார். அதே எடத்துல ஒங்க பேரைத் தட்டுங்க.”

“என் பேரா?”

“தெருவுல விளிக்கிற பேரில்ல. சங்கத்து வண்டி பாஸ்ல செயலாளர்னு கையெழுத்துப் போட்டுத் தந்தீயளே, அந்தப் பேரு.”

சங்கரன்கோவில் சீமையில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். கணவன் பெயரைப் போலவே மாமனார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆகவே பெற்றவள் தன் பிள்ளையை வேறு பெயரால் அழைப்பாள். ஒரு வீட்டில் ராசையா, ஒரு வீட்டில் துரை. ஏட்டில் எல்லோரும் கோமதிநாயகம். மலையாளத்து அண்டைவீட்டார் இதை அறியமாட்டார்கள். அந்தச் சீமையில் பிறந்த துரை சார் அறிவார்.

“இந்தப் பேரை நான் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல,” என்றாள் இசக்கிசெல்வி. “என்னைச் சொல்ல வச்சிட்டிய. கோமதிநாயகம். எம் புருசன் பேரு கோமதிநாயகம். ஒங்க பேரும் கோமதிநாயகம். தட்டுங்க.”

தட்டினார். அதே தீர்ப்பு வந்தது.

“ரெண்டாம் பக்கத்தை வாசிங்க. சத்தமா.”

“குற்றவாளி... வயது அறுபத்து நான்கு... சிறையில்...” என்று வாசித்தார்.

“எம் புருசனுக்கு நாப்பது இன்னும் ஆகல. ஒங்களுக்கு எத்தனை, சார்?”

“ஆடி வந்தா அறுபத்தஞ்சு,” என்றது ஒரு குரல். அவருடைய மனைவி சரஸ்வதியம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அப்போ இந்தக் காயிதம் ஆருக்குப் பொருந்துது? நானும் ஒரு படம் புடிச்சுப் போடட்டா? துரைங்கிறது கள்ளப்பேருன்னு எழுதட்டா?”

துரை சார் செல்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“பாக்க வேண்டாம்னு நான் சொல்லல, சார். பாருங்க. எம் புருசனைப் பாருங்க, என்னையப் பாருங்க, பிள்ளையளை ஏத்துத எவனையும் பாருங்க. அதுகளைத் தூக்கி இறக்குதவ நான். எனக்கில்லாத பயமா ஒங்களுக்கு? ஆனா பாத்துட்டுல்லா சொல்லணும். ஒரு பக்கத்தைப் புரட்டச் சோம்பல்பட்டு ஒரு மனுசனைக் கொன்னுட்டிய. இப்போ தெருவே இந்த ஆளைப் புடிச்சாச்சுன்னு கதவைச் சாத்திட்டு நிம்மதியா இருக்கு. நாளைக்கு நெசமாவே ஒருத்தன் வந்தா எவன் பாப்பான்?”

சரஸ்வதியம்மாள் கணவனின் அருகே வந்தார். “ஒங்க பேருன்னு இத்தனை வருசமும் நானும் அதைச் சொன்னதில்ல. அத்தை ஏன் ஒங்களைத் துரைன்னு கூப்பிட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சிருந்தும் ‘பேரை மறைச்சான்’னு எழுத எப்படிங்க கை வந்துச்சு?”

துரை சார் இசக்கிசெல்வியிடம் கேட்டார்: “நான் என்னம்மா செய்யணும்?”

“ஒங்க ரெண்டு வரி எனக்கு வேண்டாம். செல்லுல வர்ற வருத்தத்தை எவனும் வாசிக்கமாட்டான், பழியைத்தான் வாசிப்பான். நாளைக்குக் காலையில எங்க கூட வண்டியில வாங்க. ஒவ்வொரு வாசல்லயும் இறங்கி ஒங்க வாயால சொல்லுங்க. பராதி குடுக்கிறதைப் பத்தி அதுக்குப் பொறவு நான் யோசிப்பேன். இப்போ ஒண்ணும் வாக்குத் தரமாட்டேன்.”

மறுநாள் மழை தூறிக்கொண்டிருந்தது. துரை சார் வேனின் பின் இருக்கையில் பிள்ளைகளுக்கான தாழ்ந்த இடத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தார். ராசையா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அஸ்வதியின் வாசலில் அவர் குடையில்லாமல் இறங்கி மணியை அழுத்தினார்.

“மோளே, அந்தச் செய்தியைப் போட்டது நான். அது பொய். தீர்ப்பு வேற ஒருத்தருடையது. நான் முழுசா வாசிக்கல. ராசையாங்கிறது அவங்க அம்மா வச்ச செல்லப்பேரு. கோமதிநாயகம் அவரோட தாத்தா பேரு. என் பேரும் அதுதான்.”

அஸ்வதி வேனையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஸ்கூல்லேருந்தும் விளிச்சாங்க,” என்று மட்டும் சொன்னாள். கதவு திறந்தே இருந்தது, பிள்ளை வரவில்லை.

இரண்டாம் வீட்டில் இருந்தவர் நின்று கேட்காமலே உள்ளே போய்விட்டார். மூன்றாம் வீட்டுக்காரர், முன்தினம் படம் பிடித்தவர், கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க. எந்தாயாலும், என்ன இருந்தாலும், நெருப்பில்லாம புகை வருமா, துரை சார்?”

“வந்துச்சு. மூட்டினது நான்தான்,” என்றார் துரை சார். “நீங்க எடுத்த படத்தை எங்கெல்லாம் அனுப்பினீங்களோ, அங்கெல்லாம் என் பேரைப் போட்டு இதையும் அனுப்புங்க. நான் இங்கேயே நிக்கிறேன்.”

அவர் நனைந்துகொண்டு நின்றார். வீட்டுக்காரர் வேறு வழியின்றிச் செல்பேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினார். அவர் அனுப்பி முடித்ததைத் தம் கண்ணால் பார்த்த பிறகே துரை சார் படியிறங்கி, வேனருகே வந்து இசக்கிசெல்வியிடம் கேட்டார்:

“அடுத்த வாசல் எது?”

அவள் எதிர்வரிசையைக் கைநீட்டிக் காட்டினாள்.