எல்லாவற்றுக்கும் ஏழு

"இன்னிக்கா கடைசி நாள்? நாளைக்குன்னுல்ல நெனச்சேன்!"

"இன்னிக்குத்தான் டாக்டர். அஞ்சு மணி வரைக்கும்தான்."

"இப்ப மணி என்ன?"

"மூணே முக்கால்."

"அப்ப ஏன் இப்படிப் பறக்கறீங்க?"

அவர் மறுவாழ்வுப் பிரிவின் தலைவர். வார்டில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். "கோவிச்சுக்கறதைக்கூட நாளைக்குன்னு தள்ளி வெச்சிருக்கார்" என்பாள் வார்டு ஆயா.

அவருக்கு எதிரே நின்றவள் அதே பிரிவில் இருபத்தொரு வருடங்களாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்குப் பொத்தான் போடவும் தலை வாரவும் டம்ளரைப் பிடிக்கவும் மறுபடி பழக்குகிற வேலை. அந்தத் துறையிலேயே முனைவர் பட்டத்துக்கு இது அவளுடைய மூன்றாவது விண்ணப்பம். முதல் இரண்டு முறையும் 'தேர்வாகவில்லை' என்ற ஒரே வரியில் பதில் வந்தது. காரணம் கிடையாது. வேலையில் இருந்தபடியே படிக்கிற இடங்களை இந்த வருடத்தோடு நிறுத்துகிறார்களாம். இதை விட்டால் வேலையை விட வேண்டும், அல்லது படிப்பை விட வேண்டும்.

மற்றதெல்லாம் அனுப்பியாகிவிட்டது. அவருடைய பரிந்துரை ஒன்றுதான் பாக்கி. மூன்று வாரமாகப் பாக்கி.

"போன தடவையெல்லாம் டைப்பிஸ்ட் பொண்ணு எல்லாத்தையும் திறந்து வெச்சிடும். நான் நம்பர் போட்டு அனுப்பிடுவேன். அவ பிரசவத்துக்குப் போயிட்டா."

"நான் திறந்து தரேன் டாக்டர்."

"திறந்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நீங்க பாக்கக் கூடாதாம், ரகசியமாம். எங்கேயாவது சிக்கிக்கிட்டா சொல்லித் தாங்க."

"பாக்காம எப்படி டாக்டர் சொல்லித் தர்றது?"

"இருபது வருஷமா வாயாலேயே ஊருக்கெல்லாம் பொத்தான் போடச் சொல்லித் தர்றீங்க. எனக்குச் சொல்லித் தர மாட்டீங்களா?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் மாட்டியிருந்தது அவர்கள் தினமும் நோயாளிகளுக்கு மதிப்பெண் போடுகிற அட்டவணை. ஏழு என்றால் யார் துணையும் இல்லாமல் தானே செய்கிறார். ஒன்று என்றால் எல்லாம் பிறர் கையால் நடக்கிறது. ஒன்றில் படுத்திருப்பவரை நாலுக்கும் ஐந்துக்கும் கொண்டுவருவதுதான் அவளுடைய பிழைப்பு.

பின்னால் அவர் சத்தம் போட்டே படித்தார். ரகசியம் காப்பதில் அவர் அப்படி.

"தானாக முடிவெடுக்கும் திறன். இதைக் கேக்கணுமா? ஏழு."

அவள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

"ஆராய்ச்சி ஆர்வம், ஏழு. பொறுமை, ஏழு. என்கிட்ட இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கீங்களே, அதுக்கே பத்து போடலாம். எழுத்துத் திறன், ஏழு. எல்லாத்துக்கும் ஏழு! அனுப்பிட்டேன். போதுமா?"

"ரொம்ப நன்றி டாக்டர்."

கைப்பையில் போன் அதிர்ந்தது. நாத்தனார். அண்ணியின் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து வீட்டில் காவல் இருக்கிறாள்.

"அண்ணி, பரிந்துரை வந்துடுச்சுன்னு பச்சையில விழுந்திருக்கு!"

"அப்பாடா."

"ஆனா அதுக்குக் கீழ செகப்புல ஒண்ணு போட்டிருக்கே. 'பரிந்துரை மதிப்பீடு தகுதி வரம்புக்குக் கீழே.' என்ன அண்ணி இது? போன வருஷமெல்லாம் இப்படி ஒண்ணும் காட்டலையே."

"எங்க, மறுபடி படி."

நாத்தனார் மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை.

அவள் திரும்பினாள். ரகசியமாவது ஒன்றாவது. திரையில் இன்னும் அந்தப் படிவம்தான் இருந்தது. வரிசையாக ஏழு. உச்சியில், சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்து: ஒன்று, மிகச் சிறப்பு. ஏழு, பரிந்துரைக்க இயலாது.

"டாக்டர்."

"ம்?"

"இங்க ஒண்ணுதான் பெருசு. ஏழு கடைசி."

"யார் சொன்னா? ஏழுதானே பெருசு."

"நம்ம வார்டுல. இங்க இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். "இவ்வளவு சின்னதா எழுதினா எந்த மனுஷன் படிப்பான்?"

"போன ரெண்டு வருஷமும் எவ்வளவு போட்டீங்க?"

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"டாக்டர், எவ்வளவு?"

"ஏழுதாம்மா. அள்ளி அள்ளிப் போட்டேன்."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முதல் வருடம் ஆராய்ச்சிக் கேள்விதான் சரியில்லை என்று நினைத்தாள். பக்கவாதம் வந்தவர்கள் வீடு திரும்பிய ஆறு மாதத்தில், பழகிய எதையெல்லாம் கைவிட்டுவிடுகிறார்கள், ஏன் என்பதுதான் கேள்வி. வீட்டில் உள்ளவர்கள் பாசத்தில் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள், கை மறுபடி மறந்துபோகிறது. அதைக் கணக்கோடு நிரூபிக்க ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளைப் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்து தீர்த்தாள். இரண்டாம் வருடமும் அதே பதில் வந்தபோது வயதுதான் காரணம் என்று நினைத்தாள். பிறகு மூளைதான் போதவில்லை என்று நினைத்தாள். "ரெண்டு தடவை சொல்லிட்டாங்கல்ல, விடேன்" என்றார் கணவர், ஆறுதலாகத்தான். அவளும் பாதி நம்பிவிட்டாள்.

பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரு எழுத்தர் எடுத்தார்.

"திருத்தலாம் மேடம். பரிந்துரை செஞ்சவரே, அவரோட ஆபீஸ் மெயில்லேர்ந்து, 'தவறுதலாகக் குறித்துவிட்டேன், சரியான மதிப்பு இது'ன்னு எழுதணும். அஞ்சு மணி தாண்டினா திறந்துகூடப் பாக்க மாட்டோம்."

அப்போது மணி நாலு பத்து.

"தவறுதலாவா?" என்றார் தலைவர். "நானா?"

"ஒரு வரிதான் டாக்டர்."

"முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல நான் தப்புப் பண்ணிட்டேன்னு எழுதிக் கொடுத்ததில்ல. படிவத்தைத் தலைகீழா வெச்சது அவங்க, தப்பு என்னுதா? நாளைக்கு நானே அவங்க டீனைக் கூப்பிட்டுக் கேக்கறேன்."

"நாளைக்கு டீன் என்ன செய்வார்? அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் இடமே கிடையாது. மூணு வாரமா சொல்லிட்டிருக்கேன். காதுல வாங்கினீங்களா?"

"சத்தம் போடாதீங்கம்மா. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்! ரெண்டு வருஷம் என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு தேடித் தேடிப் பாத்தேன். அந்தச் சின்ன எழுத்தை ஒரே ஒரு தடவை நீங்க படிச்சிருந்தா..."

அவர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார், பத்து நாளாக அடுக்காத காகிதங்கள்.

"சரி, நீங்களே அடிங்க. நான் அனுப்பிடறேன்."

கை விசைப்பலகை வரை போயிற்று. நிறுத்திக்கொண்டாள். அவள் அடித்தால் 'தவறுதலாக' என்ற சொல்லை அவர் எடுத்துவிடச் சொல்வார். அதற்குள் மணி ஐந்தாகிவிடும். அவராக அடித்தால்தான் உண்டு.

"இந்தச் சுவத்து அட்டவணைப்படி இப்ப உங்களுக்கு எவ்வளவு போடணும், தெரியுமா டாக்டர்?"

"எவ்வளவு?"

"ரெண்டு. முக்கால்வாசி வேலையை நான் செய்யறேன்."

அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். விசைப்பலகையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார்.

ஒற்றை விரல். ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்துக் குத்துவார், நிமிர்ந்து திரையைப் பார்ப்பார், அது சரிதானா என்று மறுபடி குனிவார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பொத்தான் ஓட்டையைத் தேடுகிற விரல்களுக்கு முன்னால் இப்படி ஆயிரம் முறை நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் இப்படிக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

நாலு இருபத்தைந்து. 'தங்கள் படிவம் உலக வழக்கத்துக்கு முற்றிலும் மாறாக...'

"டாக்டர், அவங்களைத் திட்டவா உக்காந்தோம்?"

"நடுவுல பேசாதீங்க. எழுத்து ஓடிப்போயிடுது."

நாலு நாற்பது. 'என் கண்ணுக்குப் புலப்படாத அளவில் அச்சிடப்பட்ட குறிப்பினால்...'

"அந்தச் சொல் இன்னும் வரலையே."

"வருது, வருது. பிரசவம் மாதிரி அவசரப்படுத்தாதீங்க."

நாலு ஐம்பதுக்குத் 'தவறுதலாக' வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நாலு நிமிடம். எல்லாவற்றுக்கும் ஒன்று என்று முடித்து, கையெழுத்துக்குப் பதில் தன் பட்டங்கள் அத்தனையையும் வரிசையாக அடிக்கப் போனவரை, "பேர் போதும் டாக்டர்!" என்று கிட்டத்தட்டக் கத்தினாள். நாலு ஐம்பத்தாறுக்குப் போயிற்று.

ஐந்துக்கு நாத்தனார் கூப்பிட்டாள். "செகப்பு போயிடுச்சு அண்ணி! 'நேர்முகத்துக்கு ஏற்கப்பட்டது'ன்னு வந்திருக்கு!"

"திரும்பப் படி."

நாத்தனார் திரும்பப் படித்தாள்.

அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டு, போன இரண்டு வருடத்து விண்ணப்பங்களையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். "முடிஞ்ச வருஷத்தை நாங்க திறக்கறதில்ல மேடம்" என்றார் அந்த எழுத்தர், பணிவாக.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நேர்முகத்துல, ரெண்டு வருஷம் ஏன் கிடைக்கலன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"நடந்ததைச் சொல்வேன்."

"என் பேரையுமா?"

"கையெழுத்து உங்களுதுதானே டாக்டர்."

"உக்காருங்கம்மா. ஒரு டீ சொல்றேன்."

"வேண்டாம்."

தாழ்வாரத்துக்கு வந்தாள். ஜன்னல் ஓரமாக நின்று நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, குரலே சரியில்ல? சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். யாரையாவது நாலு அறை அறையலாம் போலவும் இருக்கு."

"வீட்டுக்கு வாங்க, நான் இருக்கேன் அறை வாங்க. அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லு. கோளாறு என்கிட்ட இல்லயாம்னு..." போனை மறு காதுக்கு மாற்றினாள். "இல்ல, விடு. அதை நானே சொல்லிக்கறேன்."