எக்ஸ்ரே காளை

"மாமா, கத்தரியக் கீழ போடுங்க!"

போனும் கையுமாக முதியோர் இல்லத்து ஹாலுக்குள் ஓடிவந்தாள் பராமரிப்பாளர் மகேஸ்வரி. பீர் முகமது நிமிர்ந்தார். அவர் கையிலிருந்த எக்ஸ்ரே படத்தில் கொம்பு, திமில், வால் எல்லாம் வெட்டி முடிந்திருந்தன.

"எதுக்குத்தா கத்துற? காளை ரெடி!"

காளையின் வயிற்றில் பளீரென்று ஓர் இடுப்பெலும்பு. ஓரத்தில் பெயர்: கஸ்பார்.

கஸ்பாருக்கு நாளைக்கு இடுப்பு ஆபரேஷன். மத்தியானமே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். படம் கிடைக்காமல் இல்லத்தையே புரட்டிப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள் மகேஸ்வரி. "நானே வாரேன்" என்று சற்றுமுன் போனை வைத்திருந்தார் டாக்டர் மதியழகன்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"மூட்டையில கெடந்துச்சு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சாயி, முந்திக்கொண்டு.

போகிக்குக் கழித்துக்கட்டிய பழைய எக்ஸ்ரே மூட்டை அது. "தோலு மாதிரியே இருக்கு, இதுல பாவைக்கூத்து போடலாம்" என்றார் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த பீர் முகமது. அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்காதவர்கள்கூட ஹாலுக்கு வந்தார்கள். பொங்கல் கழிந்த ஞாயிறான இன்று சாயங்காலம் அரங்கேற்றம். காலை ஒத்திகையில் பழைய காளையின் கால் ஒடிந்ததால்தான் இந்தப் புதுக்காளை.

தீபாவளிக்குச் செய்த காகித விளக்கு ஜன்னல் திரையைப் பொசுக்கியதிலிருந்தே இல்லத்துச் செயலாளர் கறுவிக்கொண்டிருந்தார். "இன்னொரு புகார் வரட்டும், ஹாலுக்குப் பூட்டுதான்!"

வாசலில் டாக்டரின் கார் நின்றது. உள்ளே கூத்துக்காக விளக்கு அணைந்தது.

வெள்ளை வேட்டித் திரையில் பேச்சாயியின் விலா எலும்புகள் வாடிவாசலாக விரிந்தன. அதற்குள்ளிருந்து பாய்ந்தது காளை! மண்ணைக் கிளறியது, தலையைச் சிலுப்பியது, நின்று முறைத்தது. தொடை எலும்பு வீரன் ஒருவன் திமிலைப் பிடித்தான். ஒரே உதறலில் திரைக்கு வெளியே போய் விழுந்தான். ஹாலே எழுந்து விசிலடித்தது. திரைக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் வியர்த்து வழிந்தபடி, மணிக்கட்டு ஒன்றாலேயே அத்தனையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார் கஸ்பார், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரியைக் கேரளாவுக்கு ஓட்டிய மனுஷன்.

டாக்டர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அந்தக் காளை..."

"கஸ்பார் ஐயாவோட படம்தான் சார். கூத்துக்குப் பொறுப்பு நான். தப்பு என்னோடது" என்றாள் மகேஸ்வரி.

திரையிலிருந்து டாக்டரின் கண் நகரவில்லை. "வேற படம் அஞ்சு நிமிஷத்துல எடுத்துக்கலாம். இம்புட்டு ஜோரா எலும்பு துள்ளி நான் பார்த்ததே இல்லம்மா."

"புகார் ஏதும்..."

"புகாரா? அடுத்த கூத்துக்கு எங்க ஆஸ்பத்திரிப் பழைய படம் பூராவும் அனுப்புறேன்."

கூத்து முடிந்ததும் டாக்டர் கஸ்பாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அது சரி, புதுப் படம் எப்படிப் பழைய மூட்டைக்குள்ள போச்சு?"

பீர் முகமது கத்தரியைத் துடைக்க ஆரம்பித்தார். கஸ்பார் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏலே கஸ்பாரு, நீயே சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள் பேச்சாயி.

கஸ்பார் நாற்காலிச் சக்கரத்தை மெல்லப் பின்னுக்கு உருட்டினார்.

"மூட்டையாவது மண்ணாவது! பழைய காளை ஒடியவும் இவனேதான் எடுத்து நீட்டினான். நேத்தே மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தான். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, சாயங்காலம் காளைய எவன் அவுத்து விடுவான்னு!"