முந்நூறு பக்கமும் ஒரு பட்டையும்

சின்னவளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். அன்று காலை பத்து மணிக்கே சிவந்துவிட்டது. காரணம் மேலாளர். எதற்கெடுத்தாலும் கோடு ஏறுது, கோடு இறங்குது என்று படம் காட்டும் அந்த ஆளுக்கு ஆபீஸில் வைத்த பெயர் கிராஃப்.

"உங்க அக்கா எழுதுன பக்கம் ஒண்ணுகூட நெட்டுல தேடுனா வரலம்மா. முந்நூறு பக்கம்! இந்த வாரத்தோட அவங்கள அனுப்பிடலாம்னு இருக்கேன்," என்றார், என்னமோ பழைய நாற்காலியை மாற்றுவதுபோல.

அந்தக் கம்பெனி இணையத்தில் வீட்டு மெஷின்களையும் உதிரி பாகங்களையும் விற்றது. பாகங்களுக்கு விளக்கம் எழுதுவது அக்கா. ஃபிரிட்ஜ் கதவு ரப்பருக்குக்கூட, 'பழசைக் கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று வீட்டு ஆள்போல எழுதுவாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் தலை நிமிர்ந்ததே இந்த வேலையால்தான். அவளைப் போய் அனுப்புவாராமே!

"சார், மத்தியானம்வரைக்கும் பொறுங்க. கோளாறு எங்க இருக்குன்னு நான் காட்டுறேன்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தாள் சின்னவள். அவள் அங்கே புரோகிராமர்.

இணைப்பைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படித்துப்போகும் தேடுபொறியின் ரோபோ கண்ணுக்கு ஒரு பக்கம் எப்படித் தெரியும் என்று காட்டும் கருவியைத் திறந்து, வாஷிங் மெஷின் பக்கத்தைப் போட்டாள். படம் இருந்தது, விலை இருந்தது. கீழே 'இதோடு இவையும் தேவைப்படலாம்' என்ற பட்டை இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. உதிரி பாகங்களின் பக்கங்களுக்குப் போக அந்தப் பட்டையை விட்டால் வேறு வழியே கிடையாது. அதுவோ ஜாவாஸ்கிரிப்ட்டில், யாராவது பக்கத்தைக் கீழே தள்ளினால்தான் வருகிற மாதிரி எழுதப்பட்டிருந்தது. ரோபோ எங்கே தள்ளும்? அப்படி முந்நூறு பக்கங்கள் இருப்பதே அதற்குத் தெரியாது.

"எந்த அறிவுகெட்டது இப்படி எழுதிச்சு?" என்று வாய்விட்டே கத்தினாள். பக்கத்து சீட்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

எழுதியது யார் என்று பதிவேட்டைத் திறந்தாள். அவள் பெயர்தான் இருந்தது.

பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று ஆறு மாதத்துக்கு முன் அவளே செய்த வேலை. அன்று ஆளாளுக்குத் தங்கள் போனில் தள்ளிப் பார்த்து, "தெரியுதே, சூப்பர்!" என்றார்கள். கிராஃப் எழுந்து நின்று கை தட்டினார்.

உடனே உட்கார்ந்து, பட்டை பக்கத்தோடு சேர்ந்து சர்வரிலிருந்தே வரும்படி மாற்றினாள். ரோபோ கண்ணில் இப்போது எல்லா இணைப்பும் தெரிந்தது. நேராகப் போய்த் தன் தப்பையும் சேர்த்தே கிராஃபிடம் சொன்னாள்.

"அப்ப அவங்க இருக்கட்டும்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவங்க மேல தப்பில்லன்னு நீங்களே வந்து சொல்லுங்க சார்!"

"நீயே சொல்லிடும்மா. உங்க அக்காதானே."

மனுஷனா இவன் என்று பொருமியபடி சாப்பாட்டு அறைக்குப் போனாள். அக்கா டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா குழாயை மூடினாள்.

"போன மாசம் என் பக்கத்துல உக்காந்து, எழுத்துதான்க்கா சரியில்ல, தேடுற வார்த்தைய நாலு தடவ போடுன்னு சொன்னியே. முந்நூறையும் திருத்தி எழுதுனேனேடி. எனக்கு எழுதவே வரலன்னு உன் மடியில படுத்து அழுதேன். அப்ப ஒரு நிமிஷம் உன் வேலையத் திறந்து பாத்தியா?"

"இல்லக்கா."

"ஏன் பாக்கல?"

சின்னவள் அக்கா கையிலிருந்த டப்பாவை வாங்கித் துடைக்கத் தொடங்கினாள்.

"அந்தாளும் என் எழுத்தத்தான் சந்தேகப்பட்டாரு. அவருக்கு என்னையத் தெரியாது," என்றாள் அக்கா. "உனக்குத் தெரியுமேடி."