ஓரத்துச் சிப்பாய்

ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனுக்கு நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தி சாரிடமிருந்து மெசேஜ் வந்தது. "பிராவோ மதாம்! வூட்டுக்காரருக்கு மொதப் பரிசாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா?" என்று எழுதி, கீழே போட்டி முடிவையும் இணைத்திருந்தார்.

கலியமூர்த்தி சார் அரியாங்குப்பத்தில் இருக்கிறார். சதுரங்கப் புதிர் அமைக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து பாண்டியில் மூன்றே பேர். அவர், என் கணவர் பலராமன், அப்புறம் நான். சதுரங்கம் ஆடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். நாங்கள் அந்த ரகம் இல்லை. எந்த ஆட்டத்திலும் வராத விசித்திரமான நிலையில் காய்களை நிறுத்திவிட்டு, 'இதிலிருந்து மூன்றே நகர்த்தலில் ராஜாவுக்கு மேட். வழி ஒன்றே ஒன்றுதான். கண்டுபிடி பார்க்கலாம்' என்று உலகத்தைச் சீண்டுகிறவர்கள். "இந்த நேரத்துக்கு நாலு மொழம் பூவாவது கட்டலாம்" என்பாள் என் நாத்தனார். அவளுக்கு அது புரிந்தால்தான் ஆச்சரியம்.

"இன்னா மேடம், மீன் வேணுமா, போனயே பாத்துக்கினு நிக்கிறியா?" என்றாள் மீன்காரம்மா. அவள் சொன்ன விலைக்கே வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஐரோப்பாவில் ஒரு இதழ் நடத்துகிற போட்டி அது. அதில் பரிசு வாங்கிவிட்டால் புதிர் உலகத்தில் பெயர் நிலைத்துவிடும். மனுஷன் கமுக்கமாக வைத்திருந்து மதியம் சாப்பாட்டின்போது சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பரிசு பெற்ற புதிரின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பலகையின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய் தனியாக நின்றது. என் சிப்பாய்.

எங்கள் வீட்டில் இந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருமே அமைப்போம். நான் பலகையில், அவர் லேப்டாப்பில். சரிபார்க்கிற புரோகிராம் அவருடைய லேப்டாப்பில் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தப்பிய இரண்டாவது வழி ஏதாவது இருந்தால் அது சட்டென்று கண்டுபிடித்துவிடும். இரண்டாவது வழி இருந்தால் புதிர் செத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் புதிர்களைச் சோதிப்பதும் அவர்தான். அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். திரையைப் பார்க்கத் தைரியம் வராது. அவர் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார். ஒன்று, "நிக்குது". இல்லை, "உழுந்துடுச்சி".

விழுந்துவிட்டது என்று கேட்டதும் எனக்கு வருகிற ஆத்திரம் தெருவுக்கே தெரியும். நேராகப் பலகைக்குப் போய்க் கையை வைத்து ஒரே தள்ளு. காய்கள் கட்டிலுக்கு அடியில் உருண்டோடும். விழுந்ததைத் திரும்பிப் பார்க்காதே, எழுதி வைக்காதே, வைத்தால் அடுத்தது வராது என்று கல்யாணமான புதிதில் அவர் ஒருமுறை சொன்னார். நான் அதையே சட்டமாக்கிக்கொண்டேன். கொஞ்சம் அடங்கிய பிறகு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். அந்தப் புரோகிராமில் படம் வராது. எழுத்தும் எண்ணுமாக இரண்டு வரி இருக்கும். ஒன்று நான் நினைத்த வழி, மற்றது வேண்டாத வழி. ஒத்துப்பார்க்கலாம் என்றால் பலகையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில். யாருக்கும் வாயால் ரிப்போர்ட் சொன்னதில்லை. மிஷின் கொடுத்த எண்ணில் ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் இன்னொரு முறை போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டில் மட்டும் ஒரு குரலுக்குத் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். கட்டினவரைச் சரிபார்க்க வேண்டும் என்று எவளுக்குத் தோன்றும்? அதுவும், என்னுடைய சின்னச் சின்னப் புதிர்கள் சில நின்றன, அங்கங்கே பிரசுரமும் ஆயின. பெரிதாக ஆசைப்பட்டுச் செய்ததெல்லாம் விழுந்தது. எனக்கு அவ்வளவுதான் சரக்கு என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

போன மழைக்காலம் முழுக்க ஒரே புதிரில் போனது. கறுப்பும் வெள்ளையும் சண்டை போடாமல், இரண்டும் சேர்ந்து கறுப்பு ராஜாவை முடிக்கிற வகை அது. ஒரு வெள்ளைச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய், ராணியாகாமல் குதிரையாக மாற வேண்டும். எல்லாம் கூடி வந்தும், அது யானையாக மாறினாலும் மேட் வந்துவிடுகிற மாதிரி ஒரு திருட்டு வழி இருந்துகொண்டே இருந்தது. லேபில் ஒரு பெரியவர் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பிடிபட்டது. வலது ஓரத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய். பார்க்கிறவனுக்கு அது வெட்டியாக நிற்பதுபோல் இருக்கும். எடுத்துவிட்டால் மொத்தமும் போச்சு. "இன்னாம்மா, ஊசிய கையில வச்சிக்கினு சிரிக்கிற?" என்று பெரியவர் பயந்தே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அதைச் சோதித்துவிட்டுத்தான் இவர் "உழுந்துடுச்சி" என்றார். நான் தள்ளினேன். அதற்குப் பிறகு பலகை பரண்மேல் போய்விட்டது.

இப்போது அது என் போனில் நிற்கிறது. வலதை இடமாகவும் இடதை வலமாகவும் திருப்பி வைத்திருக்கிறார். சதுரங்கத்தில் அப்படித் திருப்பினாலும் புதிர் மாறாது. கண்ணாடியில் பார்த்தால் என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? கீழே, பலராமன், இந்தியா. பக்கத்தில் கம்ப்யூட்டரில் சரிபார்த்தாகிவிட்டது என்பதற்கான குறி. நடுவர் வேறு நாலு வரி எழுதியிருந்தார். சும்மா நிற்பதுபோல் தெரியும் அந்த ஓரத்துச் சிப்பாய்தான் முதல் பரிசுக்குக் காரணமாம். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உலகத்தில் ஒரு ஆளாவது அந்தச் சிப்பாயைப் புரிந்துகொண்டாரே என்று வந்ததா, வயிறு எரிந்து வந்ததா, தெரியவில்லை.

வீட்டில் அவர் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நல்ல புருஷன் என்று தெருவே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். போனை அவர் முன்னால் வைத்தேன்.

"இது யாருது?"

பார்த்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன் சுமா."

"யாருதுன்னு கேட்டேன்."

"உழுந்து கெடந்தது. நீ தள்ளிவுட்டுட்டுப் போயிட்ட. நான் எடுத்து சரி பண்ணேன்."

"என்னா சரி பண்ணீங்க? ஒரு காய் கூடல, ஒரு காய் கொறையல. நான் வச்சது அப்படியே இருக்குது, திருப்பி மட்டும் வச்சிருக்கீங்க. அன்னிக்கு உழுந்தது இன்னிக்கு எப்படி நிக்கும்?"

பூண்டுத் தோலை விரலால் ஒன்றாகக் கூட்டினார். "அந்த ஓரத்து சிப்பாயப் போடாம செக் பண்ணேன்" என்றார்.

அந்தச் சிப்பாய் இல்லாத நிலையை மிஷினிடம் கொடுத்தால் மிஷின் என்ன செய்யும்? இரண்டாவது வழியைக் காட்டத்தான் செய்யும். அது பொய் சொல்லவில்லை. "போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். தப்பிக்க நானே வழி எடுத்துக்கொடுத்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் நின்றேன்.

"மறக்கல" என்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தியது மாடி வீட்டு அஞ்சலாட்சி அம்மாவுக்குக் கேட்டிருக்கும். மாடிப்படியில் காலடி வந்து பாதியில் நின்றது. "நம்ம வூட்டுல எது உன்னுது, எது என்னுது சுமா? யாரு பேர்ல வந்தா என்னா?" என்றார் அவர். "அப்ப என் பேர்ல அனுப்பியிருக்கலாமே" என்றேன். அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.

"இது ஒண்ணுதானா? இதுக்கு முன்னாடி?"

"இது ஒண்ணுதான். சத்தியமா. ஒரு வாட்டி புத்தி கெட்டுப்போச்சி, பொறாமைன்னே வச்சிக்கோ. நடுவருக்கு எழுதிடலாம். ரெண்டு பேரும் சேந்து செஞ்சது, பேரு வுட்டுப்போச்சின்னு. உன் பேரயே மொதல்ல போடச் சொல்லலாம்." கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அவர் கண் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை.

கூடத்தில் உட்கார்ந்து போனில் மெயில் எழுதினேன். இந்தப் புதிர் இரண்டு பேருடையது, சுமலதா, பலராமன் என்று மாற்றிப் போடவும். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லைதான். ஆனால் ஒரு தடவை சறுக்குவது மனுஷ சுபாவம். பரிசில் பாதியை விட்டுக்கொடுத்தால் புருஷன் முழுசாக மிஞ்சுவான் என்று கணக்குப் போட்டேன். வாழ வேண்டும் இல்லையா?

அனுப்பவில்லை. லேப்டாப்பைக் கேட்டேன்.

"இப்ப எதுக்கு அது?" என்றார். நான் கையை நீட்டினேன். கொடுத்துவிட்டு மீனை அலசப் போய்விட்டார்.

விழுந்த புதிர்களை நான் வைத்துக்கொள்வதில்லைதான். ஆனாலும் சிலது மண்டையை விட்டுப் போகாது. மூன்று ஞாபகம் வந்தது. ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் லேபில் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். என்ன, லேபில் நான் வேண்டிக்கொள்வதில்லை. இங்கே வேண்டிக்கொண்டேன். கடவுளே, இந்த மூன்றும் நிஜமாகவே செத்தவையாக இருக்க வேண்டும். நான் கூறு கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இவர் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு காயாக இரண்டு தடவை பார்த்துப் புரோகிராமில் அடித்தேன். முதலாவதற்கு இரண்டு வழி வந்தது. விழுந்த புதிரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அடுத்ததற்கு மூன்று வழி வந்தது. அசிங்கமாக, கந்தல் மாதிரி. வாய்விட்டே சிரித்துவிட்டேன். அவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். மெயிலை இப்போதே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாவது, கல்யாணமாகி நான் செய்த முதல் புதிர். நோணாங்குப்பத்தில் படகுக்கு வரிசையில் நின்றபோது மனசில் வந்தது. மொத்தமே ஆறு காய். படகில் எதைப் பார்த்தேன் என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பலகையில் வைத்து, இவரை இழுத்துவந்து காட்டினேன். விழுந்துவிட்டது என்றார். சின்னக் குழந்தை மாதிரி அழுதேன். எந்த வழியில் விழுந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "மொத வாட்டி எல்லாருக்கும் அப்படித்தான்" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார். இவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் பெருமைப்பட்ட நாள் அது.

ஆறு காயையும் அடித்தேன். ஒரு வரி வந்தது. அடுத்த வரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அதே ஒரு வரி. ஒரே வழி.

"என்னங்க, இங்க வாங்க" என்றேன். கத்தவில்லை. கத்த எனக்கு வரவில்லை.

கரண்டியோடு வந்தார். திரையில் படம் இல்லை. ஆறு காயின் பெயரும் அவற்றின் கட்டங்களும்தான் இருந்தன. இது எது, எப்போது செய்தது என்று நான் சொல்லவில்லை. படித்த உடனே அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷமாக அவரும் அதை மறக்கவில்லை.

"இத நீங்க எங்கயும் அனுப்பலியே" என்றேன்.

"இல்ல."

"அப்பறம் ஏன்?"

கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். "செருப்போட ஓடியாந்து வச்ச. வெளையாட்டு மாரி. அதுவரைக்கும் என்னுது ஒண்ணுகூட நின்னதில்ல சுமா. வருஷக்கணக்கா போட்டுக்கினு இருந்தேன். ஒண்ணுகூட."

திருடியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். ஆசைப்பட்டான், எடுத்துக்கொண்டான். இது யாருக்கும் ஒன்றுக்கும் ஆகவில்லை. என்னை அழவைத்துவிட்டு அவரே துடைத்துவிட்டிருக்கிறார். அந்தக் கையைத்தான் நான் இத்தனை நாளும் பெரிதாக நினைத்திருந்தேன். இன்னும் ஞாபகம் வராதவை எத்தனை நின்றனவோ, அவற்றை என் கையாலேயே தள்ளியிருக்கிறேன்.

போனை எடுத்தேன். மெயில் அப்படியே இருந்தது. இரண்டு பேருடையது என்பதை என்னுடையது என்று மாற்றினேன். பலராமன் என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ப மாட்டாங்க சுமா" என்றார்.

"நம்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு அனுப்பினேன்.